முப்பத்தாறு பச்சை வட்டங்கள்

மே 4, சனி
காலை 33. மதியம் 40. சாயங்காலம் 38.

இன்றைக்குக் கத்திரி ஆரம்பம். ஆரம்பமே இப்படி.

எதிர் பிளாக்கில் இருக்கிற ஜெபசீலி இந்த நோட்டையும் ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்துவிட்டுப் போனாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ். வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறவர்கள் வீட்டில் எவ்வளவு சூடு என்று கணக்கெடுக்கிறார்களாம். கத்திரி முடியும்வரை, முடிந்த நாளெல்லாம், மூன்று வேளையும் படுக்கையறைச் சூட்டைக் குறிக்க வேண்டும். கூடவே வீட்டில் இருக்கிறவர்கள் தூங்கினார்களா, தண்ணீர் குடித்தார்களா என்று இரண்டு வரி. "ரெண்டு வரிக்கு மேல எழுதினா?" என்று கேட்டேன். "எழுதுங்க சார். நான் நம்பரை மட்டும் எடுத்துக்கறேன். மிச்சம் உங்க இஷ்டம்" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் சொன்ன இடத்தில் கோடு போட்டவன் நான். இஷ்டத்துக்கு எழுது என்று ஒருத்தி சொன்னால் விடுவேனா?

பெயர் ஏகாம்பரம். வயது அறுபத்தொன்பது. டிராஃப்ட்ஸ்மேன், அதாவது கட்டடங்களுக்குப் படம் வரைகிறவன். முட்டி வலி தவிர வேறு கோளாறு இல்லை. மனைவி குமுதா. அறுபத்துநாலு. அவளுக்குத்தான் இதயம் பலவீனம், கால் வீங்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீர் பிரியத் தனியாக ஒரு மாத்திரை. நாக்கு வறண்டு போனால் வாயைக் கொப்பளித்துத் துப்புகிறாள். இருக்கிறது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அவள் கீழே இறங்கி எட்டு மாதம் ஆகிறது.

குமுதா: தூக்கம் இல்லை. தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்.

மே 5, ஞாயிறு
34. 41. 39.

சூடு எங்கிருந்து வருகிறது என்று ஜெபசீலியின் மேலதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்றால் வந்து எங்கள் படுக்கையறை ஜன்னலில் ஐந்து நிமிஷம் நிற்கட்டும். எதிரே பதினாலே அடியில் நடு பிளாக். அந்தச் சுவரில் இருபத்திரண்டு ஏசிப் பெட்டிகள், இன்று எண்ணினேன். அவர்கள் அறையிலிருந்து பிடுங்கின சூட்டையெல்லாம் எங்கள் ஜன்னலுக்கு ஊதுகின்றன. அவர்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். நாங்கள் அவர்கள் சூட்டைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாமும் ஒன்று வாங்கலாம் என்றால், இனி ஒரு ஏசி போட்டாலும் டிரான்ஸ்பார்மர் தாங்காது என்று சங்கத்தில் தடை. முந்தினவனுக்குக் குளிர்ச்சி, பிந்தினவனுக்கு அனல்.

பதினாலு அடி இடைவெளியில் மூன்று கட்டடங்களை வரிசையாக நிறுத்தி, காற்று வருகிற பக்கத்தைச் சுவரால் அடைத்து, கீழே ஒரு புல்கூட முளைக்காமல் சிமெண்ட் போட்டு, அதற்குச் சோலை நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைத் திட்டம் போட்டவன் வீட்டில் ஜன்னலே கிடையாதா?

குமுதா: மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாள்.

மே 7, செவ்வாய்
33. 40. 38.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எங்கள் தலைக்கு மேலே இருக்கிற பாகத்துக்கு மட்டும். முழங்காலில் உட்கார்ந்து அடித்ததில் இரண்டு முட்டியும் போச்சு. அடித்து முடித்த பிறகு ஒரு டிகிரி குறைந்த மாதிரி இருக்கிறது. இல்லை, குறைந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, நம்ம பக்கமும் கொஞ்சம் இழுத்து விடுங்களேன் என்றார். ஆசையைப் பார்.

ஈரக் கோணியை ஜன்னலில் தொங்க விட்டேன். அரை மணியில் காய்ந்தது.

மே 8, புதன்
34. 41. 39. மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. குமுதா சாப்பிடவில்லை.

மே 10, வெள்ளி
34. 41. 40.

சங்கச் செயலாளர் தயாபரன் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வீட்டுக்கு வந்தாலும் வீட்டுக்காரனைத்தான் உள்ளே தள்ளிப் போகச் சொல்வார். கையில் ஒரு சுருள்.

"சார், உங்களுக்குத்தான் படம் படிக்கத் தெரியும். சங்கத்து பீரோல கெடந்துச்சு. அப்ரூவல் வாங்கன ஒரிஜினல். இதுல முப்பத்தாறு மரம் போட்டுக்கிது சார். ஒண்ணுகூட நடல. மரத்தையே முழுங்கிக்கிறானுங்க."

தரையில் விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலையில் சொம்பை வைத்தேன். மூன்று பிளாக், நடுவே இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றிலும் பதினெட்டு வட்டங்கள், பச்சைப் பென்சிலால் நிரப்பினவை. குமுதா கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். காட்பாடிப் பக்கம் ஒரு நர்சரியை இடித்து ரோடு போடுகிறார்களாம். அங்கே எட்டு அடி வளர்ந்த வேப்பங்கன்றுகள் சும்மா கொடுக்கிறார்கள், ஆனால் இருபதாம் தேதிக்குள் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். மரத்தை வெட்டி ரோடு போடுகிற ஊரில் மரத்தைச் சும்மா கொடுக்காமல் என்ன செய்வார்கள்? தயாபரன் முப்பத்தாறுக்கும் சொல்லிவிட்டார். படத்தில் இருக்கிற இடத்திலேயே நட்டால் எவனும் கேள்வி கேட்க முடியாது என்கிறார். சரிதானே சார் என்று என்னைக் கேட்டார்.

கத்திரியில் நட்டால் பிழைக்காது, மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். மழை வருகிற வரை நர்சரி நிற்காதே என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? படத்தில் அங்கேதான் இருக்கிறது. படம் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

அவர் போன பிறகு குமுதா கேட்டாள்: "நாலு மூலையும் சுருளுது. ஒரு மூலைக்கு மட்டும் எதுக்குங்க சொம்பு?"

மே 11, சனி
34. 41. 39.

ஜெபசீலி நம்பரை மட்டும்தானே பார்ப்பாள். எழுதுகிறேன்.

அந்த மூலையில் 'வரைந்தவர்: எஸ்.ஏ.' என்று இருக்கிறது. நான்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பூவராகன் என்ஜினியரிடம் வேலை பார்த்தபோது வரைந்தது. நாங்கள் இங்கே வீடு வாங்கி வந்தது பதினோரு வருஷம் முன்னால், இன்னொருவரிடமிருந்து. அதனால் இங்கே யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்தி என்ன மாலையா போடப் போகிறார்கள்?

முதலில் வரைந்தது இது இல்லை. முதல் படத்தில் இரண்டே பிளாக், நடுவில் எழுபது அடி வெட்டவெளி. அதில் இரண்டு வரிசை மரம், உட்கார பெஞ்சு, ஒரு கிணறுகூடப் போட்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்த நல்ல படம் அதுதான். ஒரு நாள் பூவராகன் வந்து, "ஏகாம்பரம், நடுவுல இன்னொரு பிளாக் உக்காரும் பார்" என்றார். உட்காரும். நாற்பத்திரண்டு அடி அகலத்துக்கு ஒரு பிளாக் போட்டால் இரண்டு பக்கமும் பதினாலு அடி மிஞ்சும். டிரேசிங் தாளில் மை போட்ட கோட்டை அழிக்க ரப்பர் ஆகாது, பிளேடால் சுரண்ட வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மரங்களைச் சுரண்டினேன். தாள் கிழியாமல் சுரண்டினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பிறகு, மரம் காட்டாவிட்டால் அனுமதி கிடைக்காதே, எங்கேயாவது போடு என்றார். போட்டேன். நான் போடாவிட்டால் பக்கத்து டேபிள்காரன் போட்டிருப்பான்.

அனுமதிக்கு ஆறு காப்பி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கையால் கலர் அடிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்து வந்தேன். குமுதாதான் அடித்தாள். ஆறு முப்பத்தாறு இருநூற்றுப் பதினாறு வட்டம். பிரிண்ட் போட்ட அமோனியா வாடை அடிக்கிற தாளை மடியில் போட்டுக்கொண்டு, "இது வேப்பமரமா, புங்கமரமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றேன்.

இந்த வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவள்தான். குடிவந்த அன்றைக்கு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் கலர் அடிச்ச மரம் எங்கங்க?" என்றாள். வைப்பார்கள் என்றேன். நேற்றுப் படத்தைப் பார்த்துவிட்டு இன்று காலையில் சொல்கிறாள், "என் பச்சை இன்னும் மங்கலை பார்த்தீங்களா."

குமுதா: நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டு இட்லி, சட்னி.

மே 13, திங்கள்
35. 42. 40.

ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி போன் செய்தாள். ஓசூரில் சாயங்காலமானால் காற்று வருகிறதாம். அம்மாவை இன்றைக்கே காரில் அழைத்துப் போகிறேன் என்று நின்றாள். குமுதாவுக்கும் போக ஆசைதான், கால் வீக்கம் முட்டிவரை ஏறியிருக்கிறது. ஆனால் கன்று நடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன், இருபத்தேழாம் தேதி வா என்று சொல்லிவிட்டாள்.

தேன்மொழி என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க. மரம் எங்க ஓடிப் போவுது?" என்றாள். உன் அம்மா பிடிவாதம் உனக்குத் தெரியாதா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மே 15, புதன்
35. 42. 40.

ஜெபசீலி வந்து குமுதாவின் பிரஷர் பார்த்தாள். சூடு இவ்வளவு இருக்கும்போது அதே அளவு நீர் மாத்திரை ஆகாது என்று டாக்டருக்குப் போன் போட்டுப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண். அறையில் அரை நிமிஷம் நின்றதற்கே நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. "ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க சார். அனல் வந்தாலும் பரவால்ல, காத்து நகரணும். காத்து நின்னுச்சுன்னா அம்மாவால தாங்க முடியாது" என்றாள்.

கன்று நட்டு நிழல் வர எத்தனை வருஷம் ஆகும் என்று குமுதா அவளைக் கேட்டாள். வேம்பு நாலைந்து வருஷத்தில் இரண்டாவது மாடிவரை வந்துவிடும் என்றாள் அவள். "அப்போ மூணாவது மாடிக்கு ஆறு வருஷம்" என்று குமுதா விரல் விட்டு எண்ணினாள்.

மே 17, வெள்ளி
35. 42. 40.

ஞாயிற்றுக்கிழமை குழி. தயாபரன் இரண்டு ஆள் பேசியிருக்கிறார். எவ்வளவு ஆழம் என்று கேட்க வந்தார். மூன்று அடிக்கு மேல் வேண்டாம் என்றேன். எட்டடிக் கன்றுக்கு மூன்று அடி போதுமா, நாலாவது வேண்டாமா என்றார். வேப்பம் வேருக்கு அது போதும், மூன்றுக்கு மேல் போகவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். நான் தெளிவாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 19, ஞாயிறு
34. 41. 39.

காலை ஆறு மணிக்கே சிமெண்டை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். குமுதா எழுந்து, தலை வாரி, நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கீழே நிற்கிறவர்களுக்கு மேலேயிருந்தே உத்தரவு வேறு. "ஏம்பா, அந்தக் குழி வரிசைக்கு வெளிய போவுது பாரு!" என்று கத்துகிறாள். தயாபரன் அண்ணாந்து பார்த்து, "மேஸ்திரி அம்மா சொன்னா சரி" என்று சலாம் போட்டார்.

நானும் இரண்டு தடவை கீழே இறங்கினேன். முட்டி வலியோடு. அளவு குச்சி வைத்துப் பார்த்தேன். இரண்டே முக்கால் அடி, மூன்று அடி. சரியாகத்தான் தோண்டுகிறார்கள். மாலைக்குள் எங்கள் பக்கத்து இடைவெளியில் பத்துக் குழி ஆயிற்று.

"நீங்க வரைஞ்ச எடத்துலதானே தோண்டறாங்க?" என்று கேட்டாள் குமுதா.

ஆமாம் என்றேன்.

குமுதா: தண்ணீர் ஒன்றரை லிட்டர். சந்தோஷமாக இருக்கிறாள்.

மே 20, திங்கள்
35. 42. 40.

பதினோராவது குழி. நான் மேலே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மண் இளக்கமாக இருக்கிறதென்று அந்த ஆள் கடப்பாரையை ஓங்கிப் போட்டிருக்கிறான். மூன்றரை அடியில் குழாய். இரண்டு பிளாக்குக் கக்கூஸ் தண்ணீரும் போகிற குழாய். உடைந்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் இடைவெளி முழுக்கக் கழிவுநீர். தோண்டி வைத்த பத்துக் குழியும் நிரம்பின. மதியம் கன்றுகளோடு லாரி வந்தது, இறக்க இடம் இல்லாமல் வெளியே ரோட்டோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிற்று. நாற்றம் சொல்லி மாளாது. இரண்டு பிளாக்கிலும் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. ஏசி இருக்கிறவனுக்கு ஜன்னல் சாத்தினால் நஷ்டமில்லை.

குமுதா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு திரும்பி, "பைப்பு அங்கதான் போவுதா?" என்று கேட்டாள். பழைய கட்டடம், எங்கே எது போகிறது என்று யாருக்குத் தெரியும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஜன்னலைச் சாத்தினேன்.

மே 21, செவ்வாய்
36. 43. 42.

சரி செய்ய வந்தவர்கள் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தயாபரன் பாவம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்கிறார். மேலே வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், கழிவுநீருக்குத் தனிப் படம் இருக்குமாமே? பீரோல இல்ல. எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

கழிவுநீர்ப் படம் தனித் தாள்தான். என் பழைய சுருள்கள் பரணில் இருக்கின்றன. ஏறுவதற்கு ஏணி வேண்டும். முட்டி இருக்கிற நிலையில் ஏற முடியாது. நாளைக்கு ஏணி கேட்க வேண்டும்.

தயிர் புளித்துவிட்டது. அப்பளம் வாங்கினேன்.

குமுதா: சாப்பிடவில்லை. பேசவும் இல்லை.

மே 22, புதன்
37. 43. 42.

ஹால் ஜன்னல் மேற்கே பார்த்தது, வெயில் நேராக அடிக்கிறது. அதைத் திறந்தால் வெயில் வருகிறதே தவிர, எதிர்ப்பக்கம் படுக்கையறை ஜன்னல் சாத்தியிருப்பதால் காற்று உள்ளே வரவில்லை. மின்விசிறி இருக்கிற அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. குமுதாவின் மேலே ஈரத் துண்டு போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"ஜன்னலைக் கொஞ்சம் தெறங்க. நாத்தம் அடிச்சா அடிச்சிட்டுப் போவுது" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசினது அவ்வளவுதான். கொசு வரும், வியாதி வரும் என்று சொல்லி நான் திறக்கவில்லை. திறந்தால் கீழே அந்தக் குழிதான் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஏணி கேட்டேன். நாளைக்குத் தருகிறார்களாம். உண்மையில் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

தேன்மொழி நாளை மறுநாளே வருகிறேன் என்றாள்.

மே 23, வியாழன்
37. 44.

மே 26, ஞாயிறு
மூன்று நாள் எழுதவில்லை. ஜெபசீலிக்கு நம்பர் குறையும். மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தேன். மூன்று மாடி, முட்டி வலி, நின்று நின்று ஏறினேன். குமுதா உடம்பைத் தொட்டால் கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. "அந்தப் பச்சைப் பென்சிலைச் சீவிக் குடுங்க, இன்னும் ரெண்டு காப்பி பாக்கி" என்றாள். சீவித் தருகிறேன் என்றேன்.

ஜெபசீலி ஓடி வந்தாள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள். லிஃப்ட் இல்லாத மூன்று மாடியை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் இறக்கினார்கள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நாற்காலி முட்டிக்கொண்டது. அந்த இடத்தில் மூன்றடி அகலம். நான்தான் போட்டேன். நாலு அடி போட்டால் ஒரு அறை சின்னதாகிறது என்று அப்போது சொன்னார்கள். நாற்காலியைச் சாய்த்துத் திருப்ப நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் நூற்றேழு டிகிரி காய்ச்சல் என்றார்கள். நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து ஜெபசீலிக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "இதயம் நின்னுதான் சார் எல்லாரும் சாகறாங்க. எதனால நின்னுச்சுன்னு ஒரு எடத்துலயும் எழுத மாட்டேங்கறாங்க. அதுக்குத்தான் சார் உங்களுக்கு அந்த நோட்டைக் குடுத்தேன்" என்றாள்.

தேன்மொழி அழுது முடித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 28, செவ்வாய்
34. 40. 38.

கத்திரி முடிந்தது. குழாயை நேற்றுதான் சரி செய்தார்கள். மொத்தம் ஒன்பது இடத்தில் தோண்டியிருக்கிறார்கள். குழிகளை மூடி மேலே பழையபடி சிமெண்ட் போட்டாயிற்று. ரோட்டோரம் சாய்த்து வைத்த முப்பத்தாறு கன்றுகளில் முப்பத்திரண்டு காய்ந்துவிட்டன. மிச்சம் நாலை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கேயாவது இருக்கட்டும்.

அறையில் யாரும் இல்லை. ஆனாலும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினேன். பழக்கம்.

மே 31, வெள்ளி
33. 39. 37.

சங்கக் கூட்டம். குமுதாவுக்கு இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு, யார் மேல் தப்பு என்று பேச ஆரம்பித்தார்கள். குழி தோண்டின ஆள் மேல் தப்பு என்றார் ஒருவர். அவசரப்பட்ட தயாபரன் மேல் என்றார் இன்னொருவர். தயாபரன் தலையைக் குனிந்துகொண்டார். பொறுக்க முடியவில்லை. எழுந்து, அந்தப் படத்தை வரைந்தது நான்தான், நடு பிளாக்கைச் சொருகினது என் கைதான், மரமெல்லாம் அனுமதிக்காகப் போட்ட பொய் வட்டம் என்று சொல்லிவிட்டேன்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தயாபரன் வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னா சார் நீங்க. மொதலாளி போடச் சொன்னா போட்டுத்தானே ஆவணும். டிரைவர் நிறுத்தலன்னு அடுத்த ஸ்டாப்புல நான் எத்தினி பேரை எறக்கி விட்டுக்கிறேன். வுடுங்க" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்தேன்.

ஜெபசீலியும் கூட்டத்துக்கு வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு படிக்கட்டில் என்னை நிறுத்தி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"குழி தோண்டறப்போ அடியில பைப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"இருபத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா. மறந்துபோச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து நோட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஜூன் 2, ஞாயிறு
காலை 31.

பக்கத்து வீட்டில் ஏணி கேட்டேன். உடனே கொடுத்தார்கள். முட்டி ஒன்றும் செய்யவில்லை. கழிவுநீர்ப் படச் சுருளை இறக்கித் தூசு தட்டி, இந்த நோட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். தயாபரனிடம் கொடுத்துவிடு.

ஜெபசீலி, நம்பர் மட்டும் போதும் என்றாய். இந்தப் பக்கத்தையும் படி அம்மா.

மறக்கவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்பது அங்குலச் சுட்ட மண் குழாய் ஒன்று. தரைக்குக் கீழே மூன்றரை அடி. தெற்கு மூலையில் ஆரம்பித்து வடக்கே ரோடுவரை நேர்க்கோடு. மரம் போடப் படத்தில் வேறு காலி இடம் இல்லாததால், குழாய் போகிற இரண்டு கோட்டின் மேலேயே காம்பஸ் முள்ளை ஊன்றி, முப்பத்தாறு வட்டத்தையும் போட்டேன்.